காக்ளியர் இம்ப்ளாண்ட்: ஆபரேஷன் மூன்று மணி நேரம், மீதியெல்லாம் அப்புறம்தான்

எனக்கு நாற்பத்து மூன்று வயது. மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் வலது காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் தமிழில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடினால், கண்ணில் பட்டதெல்லாம் குழந்தைகளைப் பற்றித்தான். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு எந்த வயதுக்குள் செய்ய வேண்டும், அரசுத் திட்டத்தில் எப்படிச் சேர்வது, பேச்சுப் பயிற்சி எப்படி என்று நிறைய இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் பாதி வாழ்க்கை நன்றாகக் கேட்டுவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, கூட வர ஆளில்லாமல் தனியாகப் போய் ஆபரேஷன் டேபிளில் படுக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் சிக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி, பண விவரத்தோடு எழுதுகிறேன்.

முப்பது வயதை ஒட்டி எனக்கு இரண்டு காதிலும் கேட்பது குறைய ஆரம்பித்தது. நரம்புக் குறைபாடு என்று சொல்லி ஹியரிங் எய்ட் கொடுத்தார்கள். பவர் கூட்டிக் கூட்டி மாற்றிக்கொண்டே வந்தேன். கடைசியில் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. ஆபீஸில் "கொஞ்சம் சத்தமாப் பேசினா போதும்ல" என்று கத்துவார்கள், கத்தக் கத்தக் குழப்பம்தான் கூடும். 2020இல் ஊரே மாஸ்க் போட்டபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. அதுவரை உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் ஒரு அறையில் உட்கார வைத்து, வாயைப் பேப்பரால் மறைத்துக்கொண்டு படம், மரம், பழம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்கு எல்லாமே ஒரே சொல். இனி ஹியரிங் எய்டால் பிரயோஜனமில்லை, இம்ப்ளாண்ட்தான் என்றார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை முன்பே நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பின்னால் வருகிற ஏமாற்றத்துக்கு அதுதான் மருந்து. ஹியரிங் எய்ட் சத்தத்தைப் பெரிதாக்கிக் காதுக்குள் அனுப்பும், அவ்வளவுதான். உள்காதில் அதை வாங்கி நரம்புக்குக் கொடுக்கிற, முடி மாதிரி இழைகள் உள்ள முடிச்செல்களே செத்துப்போனால் எவ்வளவு பெரிதாக்கியும் லாபமில்லை. இம்ப்ளாண்ட் அந்தச் செல்களைத் தாண்டி நேராக நரம்புக்கே மின்சாரம் கொடுக்கிறது. காதுக்கு மேலே தோலுக்கு அடியில் ஒரு பகுதி, அதிலிருந்து உள்காதின் சுருளுக்குள் போகிற மெல்லிய கம்பி, வெளியே காதில் மாட்டுகிற பிராசசர், அதிலிருந்து வந்து காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்கிற வட்டமான காயில். நல்ல காதில் சத்தத்தை நரம்புக்குச் சொல்கிற உள்முடிச்செல்கள் ஏறக்குறைய 3,500 இருக்கும். என் கருவியில் இருக்கிற மின்முனைகள் 22. மார்கழிக் காலையில் தெருவை அடைத்துப் போடுகிற கோலத்தை இருபத்திரண்டு புள்ளியில் போட்டுக் காட்டு என்றால் எப்படி இருக்கும்? முதலில் கேட்கிற சத்தம் அப்படித்தான் இருக்கும், மீதியை மூளைதான் பழகிப் பழகி நிரப்ப வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது இரண்டு நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நான் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

சரி, பரிசோதனைகளுக்கு வருகிறேன். கேட்கும் திறன் சோதனைகள், சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற பெரா, காதெலும்பு சி.டி., நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ., மயக்க மருந்துக்கான ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எல்லாம் எடுத்தார்கள். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். லீவு போட்டு, ஆஸ்பத்திரி பக்கத்தில் ரூம் பிடித்து, சென்னை போய் இறங்கிய பிறகு மயக்க டாக்டர் கேட்கிறார், நிமோகாக்கல் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று. எந்த ஊசி? இம்ப்ளாண்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வருகிற ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல், அதனால் அந்த ஊசியை ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டுமாம். என்னிடம் கொடுத்த அச்சடித்த தாளில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தேதி தள்ளிப்போனது. ரூம் அட்வான்ஸ் திரும்பவில்லை, மறுபடி ரயில் டிக்கெட், மறுபடி சில ரத்தப் பரிசோதனைகள், சம்பளம் பிடித்த லீவு என்று 23,000 ரூபாய் வெறுமனே போனது. ஊசி தனியாக 3,800. ஆகவே தேதி வாங்கும்போதே தடுப்பூசியைப் பற்றி நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள். ஒன்று போட்டு இடைவெளி விட்டு இன்னொரு வகையும் போடச் சொல்வார்கள், அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே பேச்சில் இன்னும் சில. தலைக்குள் காந்தம் போன பிறகு எம்.ஆர்.ஐ. எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. புதிய மாடல்கள் சிலவற்றில் காந்தத்தை எடுக்காமலே எடுக்கலாம், பழையவற்றில் தலையைக் கட்டி எடுக்க வேண்டும் அல்லது சின்ன ஆபரேஷன் செய்து காந்தத்தை வெளியே எடுக்க வேண்டும். எப்படியானாலும் தலைப் படத்தில் அந்தப் பக்கம் மறைக்கும். எனக்கு ரொம்ப நாளாக முழங்கால் வலி, ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள் என்று எலும்பு டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இதைக் கேள்விப்பட்டதும் ஓடிப்போய் எடுத்துவிட்டேன். பல்லில் சொத்தை, சீழ் எதாவது இருந்தால் அதையும் முன்பே முடித்துவிடுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் விடக்கூடாது, நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும்.

கம்பெனி தேர்வு ஒரு பெரிய தலைவலி. உலகத்தில் இந்தக் கருவி செய்கிற பெரிய கம்பெனிகள் மூன்றுதான்: ஆஸ்திரேலியாவின் காக்ளியர், ஆஸ்திரியாவின் மெட்-எல், அமெரிக்காவில் தொடங்கிய அட்வான்ஸ்டு பயோனிக்ஸ். எங்களிடம் 22 மின்முனை, எங்களிடம் 16, எங்களிடம் 12தான் ஆனால் கம்பி நீளம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கையில் தலையைக் கொடுக்க வேண்டாம். மூன்றிலும் நன்றாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே ஒன்றை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் வெளிக்கருவியை அதே கம்பெனியிடம்தான் வாங்கியாக வேண்டும், ஒன்றுக்கொன்று சேராது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, மேப்பிங் (ஒவ்வொரு மின்முனையின் அளவையும் நமக்கு ஏற்ற மாதிரி அமைப்பது) செய்கிற ஆடியாலஜிஸ்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், பிராசசரையும் காயிலையும் இணைக்கிற கேபிள் என்ன விலை, பழுது பார்க்க அனுப்பினால் அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா, வாரண்டி எத்தனை வருஷம், வாரண்டி முடிந்த பிறகு புது பிராசசர் இன்றைய விலையில் எவ்வளவு. பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். நமக்குக் கேட்காது என்பது ஒரு விதத்தில் வசதி, எழுதிக் கொடுங்கள் என்று கூசாமல் கேட்கலாம். என்னிடம் பேசிய பிரதிநிதி வாயால் இலவசம் என்ற ஒன்று எழுத்தில் வந்தபோது இலவசமாக இல்லை.

பணம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். என் வயதுக்கு அந்த வழி இல்லை, கைக்காசுதான். எனக்குக் கருவி 7,80,000, ஆஸ்பத்திரிச் செலவு 1,80,000. நான் வேலை பார்க்கிற கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் பாலிசியில் வெளியே மாட்டுகிற பிராசசருக்குத் தரமாட்டோம், அது வெளிக்கருவி என்றார்கள். கருவிக்கான பில் உள்ளேயும் வெளியேயும் சேர்த்து ஒரே தொகையாக இருந்ததால் மொத்தத்தையும் தள்ளுபடி செய்யப் பார்த்தார்கள். உள்ளே வைக்கும் இம்ப்ளாண்ட் தனி, பிராசசர் தனி என்று பில்லைப் பிரித்து வாங்கி மறுபடி அனுப்பினேன். இழுத்தடித்துக் கடைசியில் 2,60,000 வந்தது. மீதிக்கு பி.எஃப். மருத்துவ முன்பணம், நகைக்கடன், மஸ்கட்டில் இருக்கும் தம்பி அனுப்பியது. பில்லைப் பிரித்துக் கேட்கும் வேலையை ஆபரேஷனுக்கு முன்பே செய்துவிடுங்கள், அப்புறம் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். இன்னொன்று, அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளி சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கி வையுங்கள். குறைபாடு 40 சதவீதம் இருந்தால் வருமான வரியில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவின் கீழ் (1961ஆம் வருஷச் சட்டத்தில் 80யு) 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழிவு கிடைக்கும். பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான். கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆஸ்பத்திரியில் கூட ஒரு ஆள் வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், கையெழுத்துக்கும் ராத்திரி இருப்பதற்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ராத்திரிக்கு மட்டும் வந்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் பரீட்சை. மீதி நானேதான். தனியாகப் போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது, நம்மோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போவது. "எனக்குக் காது கேட்காது. மாஸ்க்கை இறக்கிப் பேசுங்கள் அல்லது எழுதிக் காட்டுங்கள். பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம், தோளைத் தொடுங்கள்." இதை கேஸ் ஷீட்டின் மேலேயே ஒட்டச் சொன்னேன். சிரிப்பாக இருக்கும், இம்ப்ளாண்ட் பார்க்கிற கிளினிக்கிலேயே நர்ஸ் வாசலில் நின்றுகொண்டு பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார், வராதவர்களைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். அதனால் எனக்கு முன்னால் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டு அவர் எழுந்ததும் நானும் எழுந்துவிடுவேன். போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், தமிழிலும் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும். நிறையத் தப்பு வரும்தான், ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு நர்ஸ் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

மூட்டை கட்டும்போது முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி மட்டும் எடுங்கள். தலையைச் சுற்றிப் பெரிய கட்டு இருக்கும், தலைவழியாக ஒன்றையும் மாட்ட முடியாது. நான் கொண்டுபோன மூன்றில் இரண்டு உபயோகப்படவில்லை. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் யாருக்கும் தோன்றுவதில்லை: கண்ணாடியின் கால் சரியாகத் தையல் மேல் உட்காரும். கேட்கவும் முடியாமல் எழுதிக் காட்டினால் படிக்கவும் முடியாமல் போனால் என்ன செய்வது? பழைய கண்ணாடி ஒன்றை எடுத்துக் கடையில் கொடுத்து வலது பக்கக் காலை மட்டும் திருகைக் கழற்றி எடுத்துவிட்டேன், அது இல்லாமல் மூக்கில் நின்றது, சாய்ந்துதான் நின்றது, ஆனால் நின்றது. கம்மல், மூக்குத்தி எல்லாம் முன்பே கழற்றிவிடுங்கள். வெகுநாள் கழற்றாத மூக்குத்தி என்றால் அங்கே போய்ப் போராடாமல் ஊரிலேயே ஆசாரியிடம் போய்விடுங்கள்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை, தூங்கிவிட்டேன். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்து, முக நரம்புக்கும் நாக்குச் சுவை நரம்புக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளி வழியாக வழி செய்து கம்பியை உள்காதுக்குள் விடுகிறார்கள். தியேட்டருக்குள் போகும் முன் இடது காது ஹியரிங் எய்டையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். அந்த நிமிஷம்தான் பயம் வந்தது. பச்சைத் துணி கட்டிய முகங்கள், ஒரு உதடும் தெரியவில்லை. மயக்க டாக்டர் மட்டும் மாஸ்க்கை இறக்கி "பயமா?" என்று கேட்டார், உதட்டைப் படித்துவிட்டேன், தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்ததும் சர்ஜன் எதிரில் நின்று பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார், நானும் மரியாதைக்குச் சிரித்தேன். அப்புறம் அவர் கண்ணை இறுக்க மூடித் திறந்தார், கன்னத்தை உப்பிக் காட்டினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. முக நரம்பு வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறார். நான் சிரித்தது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததாம், பாஸ்.

வலி நான் பயந்த அளவு இல்லை, மாத்திரைக்கு அடங்கியது. மற்றவைதான் படுத்தின. தலைசுற்றல் முதல் சில நாள் பயங்கரம், படுக்கையில் புரண்டாலே கட்டில் கவிழ்கிற மாதிரி. ராத்திரி பாத்ரூம் போக ஆள் இல்லையென்றால் பெல்லை அழுத்துங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். தங்குகிற ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட்டும் லிஃப்ட்டும் இருக்கிறதா என்று பார்த்துப் பிடியுங்கள், ஊர் திரும்ப கீழ் பெர்த் போடுங்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துவிட்டுத் தும்ம வேண்டும், குனிந்து கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதற்கும் முதல் நாளே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. வாயை அகலத் திறக்கத் தாடை வலிக்கும், இட்லியும் கேப்பைக் கூழும்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டிலும் ருசி இல்லை. வழியில் இருக்கிற சுவை நரம்பு கொஞ்சம் உரசுப்பட்டதால் நாக்கின் வலது பாதியில் எப்போதும் இரும்பு ருசி. காலை காபியை வாயில் வைத்தால் இடது பக்கம் காபி, வலது பக்கம் செப்புக்காசு. ரசத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் முறை போட்டுக் கெடுத்திருக்கிறேன். சில மாதங்களில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. காது மடலுக்கு மேலே இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, சீப்பு படுவது தெரியாது.

இனி வருவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான காலம். ஆபரேஷன் முடிந்தால் கேட்டுவிடும் என்று ஊரே நினைக்கிறது. அப்படி இல்லை. காயம் ஆறி வீக்கம் வற்ற வேண்டும் என்பதற்காக வெளிக்கருவியை மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் மாட்டுகிறார்கள். ஆபரேஷன் ஆன காதில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இயற்கையான கேட்கும் திறனும் எனக்குப் போய்விட்டது. போகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது, படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன், ஆனால் படிப்பது வேறு, வலது பக்கம் ஒரேயடியாகச் செத்துப்போய்க் கிடப்பது வேறு. சத்தம் இல்லை என்றால் அமைதி என்று நினைக்காதீர்கள். உள்ளே நாள் முழுக்க இரைச்சல், ராத்திரியானால் யாரோ பக்கத்து அறையில் மோட்டார் போட்டுவிட்டு மறந்த மாதிரி. காலிங் பெல் கேட்காது, கேஸ் அடுப்பில் பால் பொங்குவது கேட்காது. விசாரிக்க வருகிறவர்கள் "இப்ப நல்லாக் கேக்குதா?" என்று முகத்துக்கு நேரே கத்திப் பார்ப்பார்கள், இல்லை என்றால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. இவ்வளவு பணத்தைக் கொட்டி இருந்ததையும் தொலைத்துவிட்டேனோ என்று அந்த நாட்களில் நினைக்காத நேரமில்லை. டாக்டர் பத்து நாளில் வேலைக்குப் போகலாம் என்றார். உடம்புக்குப் போகலாம்தான், ஆனால் ஒன்றுமே கேட்காமல் போய் என்ன செய்வது? சம்பளமில்லா லீவு நீண்டது. லீவு கணக்குப் போடும்போது காயம் ஆறுகிற நாளை வைத்துப் போடாமல், கருவி மாட்டி அதற்குப் பிறகும் சில வாரம் சேர்த்துப் போடுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஆபீஸுக்கும் ஒரே செய்தியை முன்பே அனுப்பி வையுங்கள், இந்தத் தேதி வரை எனக்குக் கேட்காது, விசாரிக்க வேண்டாம், வந்தால் எழுதிக் காட்டுங்கள் என்று.

சுவிட்ச் ஆன் நாள். இணையத்தில் பார்த்திருப்பீர்கள், கருவியை மாட்டியதும் கண்ணீர் விட்டுச் சிரிக்கிற வீடியோக்கள். அதை நம்பிப் போனேன். முதலில் ஒவ்வொரு மின்முனையாகப் பீப் சத்தம் கொடுத்து, எது லேசாகக் கேட்கிறது, எது கூடுதல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார் ஆடியாலஜிஸ்ட். ஒரு குறிப்பிட்ட மின்முனையைக் கூட்டும்போது என் வலது கண் ஓரம் துடித்தது. சொன்னதும் அதை அணைத்துவிட்டார். அப்படித் துடித்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்புறம் மைக்கைத் திறந்தார். அவர் வாய் அசைந்தது, கீ... கிகி... கீ என்று ஒரு சத்தம் வந்தது. நான் "என்ன?" என்றேன், அதுவும் கிகி என்றுதான் எனக்கே கேட்டது. ஆண் குரலா பெண் குரலா தெரியவில்லை. வெளியே வந்தால் ரோட்டில் எல்லா வண்டியும் ஒரே கீச்சு. ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், கோபத்தில்தான். அடுத்த நாள் மேப்பிங்கில் அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் எழுதிக் காட்டியதை இன்னும் வைத்திருக்கிறேன்: "அக்கா, சத்தம் வருதுல்ல? அது போதும் இப்போ."

அது உண்மைதான். முதல் மேப்பில் வேண்டுமென்றே குறைவாக வைத்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுகிறார்கள். தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் தவிர மாட்டியே இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தோம் என்பதைக் கருவியே குறித்து வைத்திருக்கிறது, ஏமாற்ற முடியாது. இடது காது ஹியரிங் எய்டைக் கழற்றிவிட்டு வலது காதை மட்டும் வைத்துத் தினமும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பெரியவர்களுக்குப் பயிற்சி தர எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை, குழந்தைகளுக்கான தெரபியில் போய் உட்கார்ந்தால் யானைப் படம் காட்டுகிறார்கள். அதனால் நானே வழி செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் பையன் எட்டாம் வகுப்பு, தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் முதுகுக்குப் பின்னால் நின்று வாசிப்பான். முதலில் பஸ் ஸ்டாப் பெயர்கள்: பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம், மாட்டுத்தாவணி. எனக்கு முன்பே தெரிந்த பட்டியல், நீளமும் வேறு வேறு, அதனால் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அது பிடிபட்டதும் எண்கள். இருபது, அறுபது, எழுபது மூன்றும் மாதக்கணக்கில் என்னை அலைக்கழித்தன. அவன் வேண்டுமென்றே அதையே மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரிப்பான். தினத்தாளின் செய்தியை ஒருவர் வாசிக்க நாம் விரலை வைத்துப் பின்தொடர்வதும் நல்ல பயிற்சி. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போங்கள், முதல் வாரமே டி.வி. விவாதத்தைப் போட்டுவிட்டு இடிந்துபோகாதீர்கள்.

மெல்லத்தான் வந்தது. முதலில் பிடிபட்டவை பேச்சு இல்லை, மின்விசிறி சுவிட்ச் போடுகிற டக், முறுக்கு பாக்கெட் பிரிக்கிற சத்தம். பாக்கெட் இவ்வளவு சத்தம் போடும் என்பதையே மறந்துபோயிருந்தேன், எரிச்சலாக இருந்தது. மூன்றாவது மாதம் வாக்கில் அக்கா அடுக்களையிலிருந்து "சீனி இருக்கா?" என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்கு என்று பதில் சொல்லிவிட்டேன். இரண்டு பேருமே அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இப்போது அமைதியான அறையில் ஒருவரோடு ஒருவர் பேசினால் பெரும்பாலும் பிடிக்கிறேன். கல்யாண மண்டபத்தில் இன்னும் முடியாது. பாட்டு இன்னும் பாட்டாகவே இல்லை, தாளம் மட்டும் தெரிகிறது. தெரிந்தவர்கள் போன் செய்தால் பேசுகிறேன், பேங்கிலிருந்து வந்தால் மெயில் அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகப் பராமரிப்பு, இது முடியாத செலவு. மதுரை வெயிலில் வேர்வை பிராசசருக்குள் இறங்கும். ராத்திரி அதை ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா டப்பாவில் வைக்காமல் தூங்கவே கூடாது. காந்தம் இறுக்கமாக இருந்தால் தோல் சிவந்து புண்ணாகும், நம்பர் குறைந்த காந்தம் மாற்றித் தருவார்கள், எண்ணெய் வழிய வாரிப் பின்னினால் தளர்ந்து விழும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டை முதல் தடவை வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து போட்டுக் கழற்றிப் பாருங்கள். எனக்குக் காளவாசல் சிக்னல் தாண்டி ஹெல்மெட்டைக் கழற்றும்போது காயிலும் பிராசசரும் அதோடு சேர்ந்து போய் ரோட்டில் விழுந்தன. பிராசசர் தப்பியது, கேபிள் போனது, 7,200 ரூபாய், வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அதுவரை மறுபடி ஊமைப் படம். இப்போது உபரி கேபிள் ஒன்று எப்போதும் பையில் இருக்கிறது, பிராசசரில் ஒரு சின்ன நூல் கட்டி அதை ரவிக்கையில் ஊக்கால் குத்திக்கொள்கிறேன். இம்ப்ளாண்ட் அட்டையின் படமும் சீரியல் நம்பரும் போனிலும் தம்பியிடமும் இருக்கின்றன. வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும் அந்த அட்டையை முதலில் காட்ட வேண்டும், சில வகை மின்கருவிகளை உடம்பில் வைத்தால் உள்ளே இருப்பது கெட்டுவிடும். வெளிக்கருவியின் வாரண்டி முடிந்தால் புதிது வாங்க இன்றைய விலைக்கே லட்சக்கணக்கில் ஆகும், எந்தப் பாலிசியும் அதைத் தருவதாகச் சொல்லவில்லை. போஸ்ட் ஆபீஸில் ஐந்து வருஷ ஆர்.டி. ஒன்று ஆரம்பித்திருக்கிறேன், மாசம் 5,000. நகைக்கடன் வட்டியும் அதுவும் சேர்ந்து கையைக் கடிக்கிறது, ஆனாலும் கட்டிக்கொண்டு வருகிறேன்.